கெட்டிமேளத்தை விழுங்கும் டிபால்ட் எபெக்ட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பலர் முதல் சில வாரங்களிலேயே வீடியோ எடிட்டிங்கில் இறங்கி விடுகிறார்கள். செல்போனில் எடுத்த கல்யாண வீடியோ, பேரனின் காது குத்து, ஊர்க் கோவில் கொடை என்று கையில் நிறையப் பதிவுகள் இருக்கின்றன. அவற்றை வெட்டி ஒட்டி, ஒரு மணி நேரப் படமாக்கி, உறவினர்களுக்குத் தர வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பே. முன்பு இதற்கு விண்டோஸ் மூவி மேக்கர் இருந்தது. 2000ஆம் ஆண்டு விண்டோஸ் மில்லேனியம் பதிப்புடன் வந்த அந்த சாப்ட்வேரை மைக்ரோசாப்ட் 2017 ஜனவரியுடன் நிறுத்தி விட்டது. இன்று விண்டோஸ் 11ல் கிளிப்சாம்ப் உடன் வருகிறது. இலவசமாகவே கேடென்லைவ், ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் என்று பல கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்குவோருக்கு அடோப் பிரிமியர் இருக்கிறது.

இவற்றில் பலவற்றில் நம் வேலையை எளிதாக்க டிபால்ட் வசதிகள் உண்டு. எல்லாக் கிளிப்புகளையும் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும். எல்லா இணைப்புகளிலும் ஒலி மங்கி மறைந்து அடுத்த ஒலி எழும். இன்னொரு கட்டளையில் இரைச்சல் நீங்கும். அருமையான வசதிதான். ஆனால் மொத்த டைம்லைனுக்கும் ஒரே அடியாக இதைப் போடாதீர்கள் என்பதே என் கருத்து. படத்தில் ஓர் எபெக்ட் சரியில்லை என்றால் பார்த்தவுடன் தெரிந்து விடும். ஒலியில் நடந்த சேதம் பல ஆண்டுகள் கழித்து, அந்தக் குரலைக் கேட்க ஏங்கும் நாளில்தான் தெரியும்.

டிபால்ட் என்பது என்ன?

நீங்கள் எதையும் சொல்லாத போது, சாப்ட்வேர் தானாக எடுத்துக் கொள்ளும் முடிவுதான் டிபால்ட். சாப்ட்வேர் எழுதியவர் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் அல்ல. உங்கள் வீடியோவில் தவில் இருக்கிறதா, வெறும் பேச்சா, ஆற்றங்கரையா என்று அவருக்குத் தெரியாது. எனவே பெரும்பாலோருக்குப் பெரும்பாலான நேரம் சரியாக இருக்கக் கூடிய ஒன்றை அமைத்து வைத்திருக்கிறார்.

அடோப் பிரிமியரை எடுத்துக் கொள்வோம். இரண்டு ஆடியோ கிளிப்புகள் சேரும் இடத்தில் கர்சரை வைத்து கண்ட்ரோல், ஷிப்ட், டி ஆகிய மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால் டிபால்ட் ஆடியோ டிரான்ஸிஷன் அமரும். இதன் பெயர் கான்ஸ்டன்ட் பவர். இதன் நீளம், நீங்கள் மாற்றாத வரை, 1 விநாடி. சீக்வென்ஸ் மெனுவில் உள்ள கட்டளையைப் பயன்படுத்தினால், தேர்ந்தெடுத்த கிளிப்புகள் எல்லாவற்றுக்கும் படத்திலும் ஒலியிலும் சேர்த்தே டிரான்ஸிஷன் விழுந்து விடும்.

இந்த வசதி ஏன் வந்தது?

காரணம் இல்லாமல் வரவில்லை. ஒலி என்பது அலை. அலை மேலே இருக்கும் இடத்தில் ஒரு கிளிப்பை வெட்டி, கீழே இருக்கும் இடத்தில் தொடங்கும் இன்னொரு கிளிப்பை ஒட்டினால், அந்த இடத்தில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். முதல் கிளிப்பை மெல்லக் குறைத்து, இரண்டாவதை மெல்ல ஏற்றினால் அந்தச் சத்தம் போய்விடும். இதுதான் கிராஸ்பேட்.

குறைப்பதிலும் ஏற்றுவதிலும் ஒரு கணக்கு உண்டு. இரண்டையும் நேர்கோட்டில் மாற்றினால், நடுப்பகுதியில் இரண்டும் 50 சதவீத அளவில் இருக்கும். வெவ்வேறு ஒலிகள் என்றால் நடுவில் சத்தம் தொய்ந்தது போலத் தோன்றும். அதைத் தவிர்க்கவே கான்ஸ்டன்ட் பவரில் நடுப்புள்ளியில் இரண்டும் சுமார் 70 சதவீத அளவில் இருக்குமாறு வளைகோடாக அமைத்திருக்கிறார்கள். மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து மணவறைக்குச் செல்லும் காட்சி மாற்றம் போன்ற இடங்களில் இது மிகப் பொருத்தம். ஆகவே டிபால்ட் தவறு என்று நான் சொல்லவில்லை. அதை எல்லா இடத்துக்கும் பொதுவாக்குவதுதான் தவறு.

கெட்டிமேளம் என்ன ஆகிறது?

நான் இருப்பது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில். முகூர்த்த நாள் வந்தால் காலையிலேயே தெருவில் நாதஸ்வரமும் தவிலும் கேட்கும். தெரிந்தவர்கள் தங்கள் வீட்டு விசேஷ வீடியோவைக் கொண்டு வந்து, "அண்ணாச்சி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். அப்படி வரும் படங்களில் நான் முதலில் தேடுவது தாலி கட்டும் இடத்தைத்தான்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது? அதுவரை மெல்ல வாசித்துக் கொண்டிருந்த மேளக்காரர்கள், "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்ற குரல் கேட்டதும் சட்டென்று முழு வேகத்தில் எழுகிறார்கள். தவில் வாசிப்பவர் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார். இடது கையில் கம்பு. அந்த முதல் அடி ஒரு விநாடியின் மிகச் சிறு பங்கிலேயே உச்சத்தைத் தொட்டு விடும். அந்தத் திடீர் எழுச்சிதான் கெட்டிமேளம்.

பொதுவாக எடிட் செய்பவரும் சரியாக அந்த இடத்தில்தான் காட்சியை வெட்டுவார். தாலியைக் கையில் எடுக்கும் காட்சி முடிந்து, கட்டும் காட்சி நெருக்கத்தில் தொடங்கும். அங்கே 1 விநாடி கிராஸ்பேட் விழுந்தால் என்ன ஆகும்? நம் நாட்டில் வழக்கமான 25 பிரேம் வீடியோவில் அது 25 பிரேம்கள். வெட்டுக்கு முன் அரை விநாடி, பின் அரை விநாடி என்று பரவும். முதல் அடி குறைந்த சத்தத்தில் கேட்கும்; இரண்டாம், மூன்றாம் அடிகள் ஏறிக் கொண்டே வரும். மேளக்காரர் சட்டென்று அடித்ததை, சாப்ட்வேர் தூரத்தில் வரும் ஊர்வலம் போல ஆக்கி விடுகிறது. அதே போலத்தான் குலவையும், வெடியும், நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் தேர் அசையும் போது எழும் கூட்டத்தின் ஆரவாரமும். சட்டென்று எழ வேண்டியவை இவை.

வெட்டிய பேச்சு திரும்ப வருகிறது

இன்னொரு தொல்லையும் உண்டு. கிராஸ்பேட் செய்ய வேண்டுமானால் வெட்டிய இடத்துக்கு அப்பால் உள்ள ஒலியும் வேண்டும். சாப்ட்வேர் அதை எங்கிருந்து எடுக்கும்? நீங்கள் வெட்டி எறிந்த பகுதியிலிருந்துதான். வாழ்த்துச் சொல்லும் பெரியவரின் பேச்சு முடிந்தவுடன் கேமராக்காரர் "அங்கிட்டுத் தள்ளுங்க" என்று சொல்லியிருப்பார். அதை நீங்கள் கவனமாக வெட்டியிருப்பீர்கள். 1 விநாடி டிரான்ஸிஷன் போட்டதும் "அங்கி..." என்ற அரைச் சொல் பேய் போலப் பின்னால் கேட்கும். கம்ப்யூட்டரின் சிறிய ஸ்பீக்கரில் தெரியாது. வீட்டு டி.வி.யில் போட்டால் எல்லோருக்கும் கேட்கும்.

மூன்றாவது தொல்லை, ஒரே கிளிப்பை நடுவில் வெட்டுவது. படத்தில் ஏதாவது எபெக்ட் போடுவதற்காக ஒரு கிளிப்பை இரண்டாக்கியிருப்போம். ஒலியில் எதையும் நீக்கியிருக்க மாட்டோம். அங்கும் கான்ஸ்டன்ட் பவர் விழுந்தால், இரு பக்கமும் ஒரே ஒலி 70 சதவீதம், 70 சதவீதம் என்று சேர்ந்து 140 சதவீதமாகி, நடுவில் சுமார் 3 டெசிபல் எகிறும். பாட்டின் நடுவே காரணமின்றி ஒரு புடைப்பு கேட்டால் இதுதான் காரணமாக இருக்கலாம். அந்த இடத்தில் எந்த டிரான்ஸிஷனும் தேவையில்லை.

நான்காவது, இரண்டு கேமராக்கள். ஒன்று மேளக்காரர் அருகில், இன்னொன்று 10 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். எனவே தூரத்துக் கேமராவில் அதே அடி ஏறக்குறைய 30 மில்லி விநாடி தாமதமாகப் பதிவாகியிருக்கும். இரண்டின் ஒலியையும் கிராஸ்பேட் செய்தால் அந்த 1 விநாடிக்குள் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை, தடுமாறியது போலக் கேட்கும். நல்ல வித்துவானைத் தாளம் தப்பியவராக்கி விடுகிறோம்!

இரைச்சல் எது, ஒலி எது?

அடுத்தது இரைச்சல் நீக்கம். பேன் சத்தம், ஜெனரேட்டர் சத்தம் போன்றவற்றைக் குறைக்க வந்த வசதி இது. பழைய வகை சாப்ட்வேர்கள் மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக் கொள்கின்றன. புதிய வகைகள் மனிதப் பேச்சைக் கண்டறிந்து, மற்றதை அமுக்குகின்றன. இரண்டுமே நம் ஒலிகளுக்கு ஆபத்தானவை. ஏனென்றால் நம் இசையில் தொடர்ந்து ஒலிப்பது சுருதி. நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து இருக்கிறது. பாட்டுக்குப் பின்னால் தம்புரா இருக்கிறது.

இது கற்பனை அல்ல. 2020ல் கொரோனா ஊரடங்கின் போது கர்நாடக இசை ஆசிரியர்கள் ஜூம் மூலம் வகுப்பு நடத்தத் தொடங்கிய போது இந்தச் சிக்கலைச் சந்தித்தார்கள். மாணவருக்குத் தம்புரா கேட்காது. அல்லது விட்டு விட்டுக் கேட்கும். பேச்சுக்காக அமைக்கப்பட்ட டிபால்ட் வசதி, சுருதியைப் பேன் சத்தமாக நினைத்து அழித்ததே காரணம். அமைப்பில் சென்று ஒரிஜினல் சவுண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்த பின்புதான் பாட்டு பாட்டாகக் கேட்டது. ஒரு பட்டனைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை, தம்புரா என்பது இரைச்சல்தான் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்திருந்தது.

எங்கள் பகுதியில் ஒருவர் தன் ஆச்சி பேராச்சியம்மன் கோவில் பக்கம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பழைய கதை சொல்வதைச் செல்போனில் எடுத்திருந்தார். பையன் அதை எடிட் செய்து, "சத்தத்தை எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு அண்ணாச்சி, கேட்டுப் பாருங்க" என்று போட்டுக் காட்டினான். தாமிரபரணியின் சத்தம் சுத்தமாகப் போயிருந்தது. அதோடு ஆச்சியின் மூச்சும், பல் இல்லாத வாயிலிருந்து வரும் காற்றொலியும் போயிருந்தன. பேச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் குமிழ் குமிழாகக் கேட்டது. "இது ஆச்சி மாதிரியே இல்லையே" என்றார் அவர். நல்ல வேளையாக ஒரிஜினல் பைல் போனில் இருந்தது. இரைச்சல் நீக்கத்தைப் பாதிக்கும் குறைவாக வைத்ததும், ஆறும் பின்னால் மெல்லக் கேட்டது. ஆச்சியும் ஆச்சியாகவே பேசினார்.

நார்மலைஸ் என்ற வசதியிலும் இதே கவனம் தேவை. சாதாரண நார்மலைஸ் பதிவிலேயே மிக உயர்ந்த ஒரு புள்ளியைப் பார்த்து, அதை உச்சத்துக்குக் கொண்டு செல்லும். மற்றவை அதே விகிதத்தில் உயரும். உங்கள் வீடியோவில் ஒரே ஒரு வெடிச் சத்தம் இருந்தால், அதுவே உச்சம். அதன் பிறகு பேச்சு அதிகம் உயராது. பேச்சை உயர்த்த வேண்டுமானால் அந்தக் கிளிப்பை மட்டும் தனியாக உயர்த்துங்கள்.

வீட்டு வீடியோதானே?

"இது சினிமாவா? வீட்டு வீடியோதானே, யார் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கப் போகிறார்கள்?" என்று பலர் கேட்பதுண்டு. சினிமாவுக்கு ஒலிப்பதிவாளர் இருக்கிறார். பாதுகாக்கக் கம்பெனி இருக்கிறது. நம் ஆச்சியின் குரலுக்கு நாம் மட்டும்தான் இருக்கிறோம்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு தந்த பெரிய கலைஞர் காருகுறிச்சி அருணாசலம். சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள காருகுறிச்சிதான் அவர் ஊர். 1962ல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் சேர்ந்து ஒலித்ததை இன்றும் கேட்கிறோம். 1964ல் அவர் மறைந்து விட்டார். இனி அவர் புதிதாக வாசிக்கப் போவதில்லை. பதிவில் என்ன இருக்கிறதோ அவ்வளவுதான் நமக்கு. ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு குரல் இருக்கிறது. உலகத்துக்குத் தெரியாவிட்டாலும் அந்த வீட்டுக்கு அது அரிய பதிவுதான்.

இன்னொன்றையும் எங்கள் ஊர் கற்றுக் கொடுத்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருகி, திருநெல்வேலியின் பல பகுதிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளத்தில் நனைந்த வீடியோ கேசட்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் மீட்பது எளிதல்ல. அப்படி ஒரிஜினல் போய்விட்டால், நாம் எடிட் செய்து உறவினருக்கு அனுப்பிய பிரதி மட்டுமே மிஞ்சும். அதில் நாம் போட்ட எபெக்ட்டை இனி எடுக்க முடியாது. சாப்ட்வேருக்குள் இருக்கும் வரை எந்த எபெக்ட்டையும் நீக்கலாம். எக்ஸ்போர்ட் செய்து வீடியோ பைலாக்கிய பின் அது ஒலியோடு கலந்து விடும். கரைத்த உப்பைத் திரும்ப எடுப்பது போலத்தான்.

எப்படிச் செய்யலாம்?

1. எடிட் செய்யும் முன் ஒரிஜினல் பைல்களைத் தனி போல்டரில் இட்டு, அதன் ஒரு பிரதியை வேறொரு டிஸ்க்கிலும், முடிந்தால் வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். இடம் போதவில்லை என்றால் முக்கியமானவர்களின் ஒலியை மட்டுமாவது தனியாக வேவ் பைலாகச் சேமியுங்கள். 48 கிலோ ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 690 எம்.பி. தான் ஆகும்.

2. டிபால்ட் நீளத்தைக் குறையுங்கள். பிரிமியரில் எடிட் மெனுவில் பிரிபரன்சஸ் சென்று, டைம்லைன் பிரிவில் ஆடியோ டிரான்ஸிஷனின் நீளத்தை 2 அல்லது 3 பிரேம்களாக மாற்றுங்கள். "டக்" சத்தம் போக இது போதும். கேடென்லைவ், ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் ஆகியவற்றில் கிளிப்பின் மேல் மூலையில் உள்ள சிறு பிடியை மவுஸால் இழுத்து பேட் நீளத்தை அமைக்கலாம்.

3. இடமும் நேரமும் மாறும் காட்சிகளுக்கு மட்டும் 1 விநாடி டிரான்ஸிஷனைக் கையால் போடுங்கள். ஒரு மணி நேரப் படத்தில் இப்படிப்பட்ட இடங்கள் சிலவே இருக்கும்.

4. தாலி கட்டும் காட்சியில் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டுங்கள். ஒலியை மட்டும் வெட்டாமல், ஒரே கேமராவிலிருந்து முழுமையாக ஓட விடுங்கள். இதற்கு முதலில் ஆடியோவை வீடியோவிலிருந்து பிரிக்க வேண்டும். அன்லிங்க் அல்லது டிடாச் என்று சாப்ட்வேருக்கு ஏற்பப் பெயர் மாறும்.

5. இரைச்சல் நீக்கத்தைத் தேவையான கிளிப்புக்கு மட்டும் போடுங்கள். முதலில் மிகக் குறைவாக வைத்து, சிறிது சிறிதாக உயர்த்துங்கள். குரல் மாறத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்தி விடுங்கள். இசை உள்ள கிளிப்புகளில் போடாமல் இருப்பதே நல்லது.

6. முடித்த பின் ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடிக் கொண்டு ஒரு முறை முழுவதும் கேளுங்கள். படம் பார்த்துக் கொண்டே கேட்டால் காது ஏமாந்து விடும்.

7. அந்தக் குரலுக்குரியவரை நன்கு அறிந்த ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். "இது அவர் மாதிரி இல்லையே" என்று அவர் சொன்னால், எந்த மீட்டர் என்ன காட்டினாலும் அவர் சொல்வதுதான் சரி.

இத்தனையும் செய்ய அதிகப்படியாக ஒரு மாலை நேரம் ஆகலாம். அந்த நேரத்தை மிச்சப்படுத்தத்தான் டிபால்ட் இருக்கிறது என்பதும் உண்மையே. அவசரமாக அனுப்பும் பிறந்த நாள் வாழ்த்துக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வீட்டில் வைத்துப் பல ஆண்டுகள் கேட்க வேண்டிய பதிவுக்கு மட்டும், எந்த ஒலி இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்ற முடிவை நீங்களே எடுங்கள். இந்த வாரம் உங்கள் வீட்டில் ஏற்கனவே எடிட் செய்து வைத்துள்ள ஏதாவது ஒரு வீடியோவைத் திறந்து, தாலி கட்டும் இடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். தவிலின் முதல் அடி முழுதாக விழவில்லை என்றால், ஒரிஜினல் கைவசம் இருக்கும் போதே அந்த டிரான்ஸிஷனை நீக்கி, மீண்டும் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து கொள்ளுங்கள்.